பந்தயப் படகின் பாய்மரக் கம்பியை எவ்வளவு இறுக்குவது?

மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, 420 வகையைச் சேர்ந்த பழைய இருவர் படகு ஒன்றை வாங்கி, திருநகரில் ஒரு வீட்டு வாசலில் டிரெய்லரோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லீவு நாட்களில் தூத்துக்குடிக்கு இழுத்துப்போய் ஓட்டுகிறார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்த ஒருநாள் பாய்மரத்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது, மறைவுப் பக்கத்துக் கம்பி, அதாவது காற்று அடிக்காத பக்கத்துக் கம்பி, தொளதொளவென்று ஆடியது. பயந்துபோய் இரண்டு பக்கக் கம்பிகளையும், அவை மாட்டியிருக்கும் தகட்டில் இரண்டு துளை இறக்கி இறுக்கியிருக்கிறார்கள். இப்போது காற்று குறைந்த நாளில் படகு நகர மாட்டேன் என்கிறது, காற்று உள்ள நாளில் சுக்கான் கையைப் பிடுங்குகிறது. 'கம்பியில் எத்தனை கிலோ இழுப்பு இருக்க வேண்டும், ஒரு எண் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்.

எண் சொல்கிறேன் தம்பி. ஆனால் அந்த எண்ணை எங்கே வைப்பது என்பது முதலில் புரிய வேண்டும். கொச்சியிலும் மும்பையிலும் படகுகளுக்குக் கம்பி கட்டும் வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். உங்களைப் போல எண்ணை மட்டும் கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். எண் சரியாக இருந்தும் படகு ஓடாததைப் பார்த்திருக்கிறேன்.

நம் தெருமுனை மின்கம்பத்தில் ஒரு ஸ்டே கம்பி சாய்வாக இறங்கி மண்ணில் புதைந்திருக்கும். அதற்கு வேலை ஒன்றே ஒன்று, கம்பம் சாயக்கூடாது. பாய்மரத்துக் கம்பியையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. மரத்தைச் சாயாமல் நிறுத்துவது இந்தக் கம்பிகளின் வேலையில் சின்னப் பங்குதான். மரம் எந்த அளவு வளைகிறதோ அந்த அளவு பெரிய பாயின் வயிறு, அதாவது உப்பல், குறையும். முன்பாயின் முன்விளிம்பு எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவு முன்பாயின் வயிறு கூடும். ஆக, கம்பியில் கை வைக்கும்போதெல்லாம் நீங்கள் பாயை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தையற்காரர் துணியை எடுப்பதற்கு முன் அளவு எடுக்கிற மாதிரி, நாமும் அளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

சரி, உங்கள் படகில் நடந்தது என்ன? பக்கக் கம்பியைத் துளை இறக்கினால் கம்பி இறுகும் என்று நினைத்தீர்கள். இந்த வகைப் படகில் பக்கக் கம்பியின் நீளம் மரம் எவ்வளவு பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இறுக்கத்தைத் தருவது முன்பாயை ஏற்றும் கயிறு, அதாவது ஜிப் ஹாலியார்டு. முன்பாயின் முன்விளிம்புக்குள் ஓடும் கம்பியை அது கப்பிகள் வழியாக இழுத்து, மரத்தை முன்னோக்கி வளைத்து, பக்கக் கம்பிகளை விறைக்க வைக்கிறது. அப்போது முன்கம்பி தொய்ந்து சும்மா கிடக்கும். அது கிடக்க வேண்டிய விதம் அதுதான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாய் இறங்கியிருக்கும்போது மரம் விழாமல் இருக்கவே முன்கம்பி.

இனி கணக்கு. பக்கக் கம்பி ஏறத்தாழ 5 மீட்டர். அது தளத்தில் மாட்டியிருக்கும் இடம் மரத்திலிருந்து 40 செ.மீ பின்னால் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் படகில் டேப் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) 5 மீட்டரை 40 செ.மீ-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. கம்பி 1 செ.மீ குறைந்தால், கம்பி மாட்டியிருக்கும் உயரத்தில் மரம் சுமார் பன்னிரண்டரை செ.மீ பின்னால் போகும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 5 மி.மீ இடைவெளி என்றாலும், இரண்டு துளையில் மரத்தின் தலை ஏறத்தாழ முக்கால் சாண் பின்னால் சரிந்துவிட்டது. அதனால் ஹாலியார்டு பழைய அடையாளத்துக்கு வரும் முன்பே விறைத்திருக்கும், நீங்கள் அங்கேயே கட்டியிருப்பீர்கள். பாய்களின் மொத்த விசை பின்னுக்கு நகர்ந்தது, படகு மூக்கைக் காற்றுக்குள் திருப்பப் பார்க்கிறது, அதைத் தடுக்கச் சுக்கானை நீங்கள் இழுத்துப் பிடிக்கிறீர்கள். கை வலிப்பது அதனால்தான். இழுத்துப் பிடித்த சுக்கான் தண்ணீரில் பிரேக் மாதிரி. குறைந்த காற்றில் படகு நகராததற்கு அது பாதிக் காரணம்.

எனவே முதல் வேலை, பக்கக் கம்பிகளைப் பழைய துளைக்கே கொண்டுபோங்கள். இறுக்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அடுத்தது, அளவு எடுக்க வேண்டிய நேரம். இது மதுரைக்காரர்களுக்கான விஷயம், கவனமாகக் கேளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் அளக்கவே அளக்காதீர்கள். பறையைக் காய்ச்சினால் தோல் ஏறுவதுபோல இங்கேயும் சூடு இழுப்பை ஏற்றுகிறது, ஆனால் வழி வேறு. பாய்மரம் அலுமினியம், கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரே சூட்டில் அலுமினியம் கூடுதலாக நீளும். விடியலுக்கும் உச்சி வெயிலுக்கும் மரத்தின் சூடு 30 டிகிரி மாறினால், 5 மீட்டரில் இரண்டுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ வித்தியாசம் வந்துவிடும். வாசலில் கிண்ணென்று இருந்த கம்பி, விடியற்காலையில் கடலில் இறங்கும்போது இளகி நிற்கும். காலை ஆறு, ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். டிரெய்லரின் தாங்கு கட்டைகள் படகின் அடியில் சமமாகப் படுகிறதா என்றும் பாருங்கள். ஒரு கட்டை மட்டும் முட்டிக்கொண்டு நின்றால் படகின் உடலே முறுகி, எல்லா அளவையும் பொய்யாக்கும்.

மரம் நேர் நடுவில் நிற்கிறதா என்பதைப் பெரிய பாயின் ஏற்றுக்கயிற்றில் ஸ்டீல் டேப் கட்டி மேலே ஏற்றிப் பாருங்கள். இடது பக்கக் கம்பி தளத்தில் மாட்டும் இடத்துக்கும் வலது பக்கம் அதே இடத்துக்கும் ஒரே அளவு வர வேண்டும். 2 மி.மீ வரை பொறுத்துக்கொள்ளலாம். அதே டேப்பைப் படகின் பின்பலகையின் நடு மேல்விளிம்புக்கு இழுத்தால் கிடைப்பது சாய்வு அளவு. ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த அளவை ஹாலியார்டு இறுகிய நிலையில்தான் எடுக்க வேண்டும், இளகிய நிலையில் எடுத்தால் பயனில்லை.

பிறகு ஸ்ப்ரெடர்கள், அதாவது மரத்தின் நடுவிலிருந்து இரண்டு கை நீட்டியதுபோல் நின்று பக்கக் கம்பியை வெளியே தள்ளும் குச்சிகள். பழைய படகு வாங்குகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஒன்றைவிட இன்னொன்று 5 மி.மீ நீளமாக இருந்தாலோ, பின்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியிருந்தாலோ, படகு ஒரு பக்கம் நன்றாக ஓடும், மறுபக்கம் திரும்பினால் சோர்ந்துவிடும். இரண்டு நுனிகளுக்கும் நடுவே நூல் கட்டி, நூலிலிருந்து மரத்தின் பின்முகம் வரை அளந்தால் மடக்கு எவ்வளவு என்று தெரியும். குச்சியின் வேலை சாதாரணமானதல்ல. ஒல்லியான தூண் ஒன்றை மேலிருந்து அமுக்கினால் எப்போது வளையும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்காகச் சொன்னார். தாங்கல் இல்லாத நீளம் பாதியானால், தாங்கும் சுமை நான்கு மடங்கு. நடுவில் பிடித்துக்கொள்ளும் இந்தக் குச்சி இருப்பதால்தான் இவ்வளவு மெல்லிய மரம் நிற்கிறது. அமுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கம்பிகளிலிருந்துதான். பக்கக் கம்பி ஒவ்வொன்றிலும் 100 கிலோ, முன்னால் 60 கிலோ என்றால், காற்றே இல்லாமல் மரத்தின் அடியில் ஏறத்தாழ 260 கிலோ இறங்குகிறது. 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தை மரத்தின்மேல் அடுக்கிய மாதிரி. உங்கள் படகு பழசு. ஹாலியார்டை இறுக்கும்போது ஒருவர் குனிந்து மரத்தடியையும், பக்கக் கம்பி தளத்தில் மாட்டும் இடத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஃபைபர் முனகினாலோ தளம் மேலே எழும்பினாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு இறுக்கக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட எண். இழுப்பு அளக்கும் கேஜ் ஒன்று விற்கிறது, விலை கொஞ்சம் அதிகம். அது இல்லாமலேயே அளக்கலாம். உங்களிடம் இருப்பது 19 இழை முறுக்கிய 3 மி.மீ கம்பி. இந்த முறுக்குக் கம்பியில் ஒரு நல்ல குணம் உண்டு. 2 மீட்டர் நீளத்தில் 1 மி.மீ நீண்டால், அது அறுபடும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி மெல்லியதோ தடித்ததோ, இந்தக் கணக்கு மாறாது. 2 மீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்து, அதன் மேல்நுனியை மட்டும் கம்பியில் டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ்நுனி, கம்பியின் அடியில் அமுக்கிய பித்தானின் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்திய உலோகத் துண்டின்) மேல்விளிம்பைத் தொட்டு நிற்கட்டும். கம்பி கையால் தொய்வு எடுத்த நிலையில் இருக்க வேண்டும், அதுதான் பூச்சியம். இனி ஹாலியார்டை இறுக்குங்கள். கீழே இடைவெளி விழும். 1 மி.மீ என்றால் 5 சதவீதம், 2 மி.மீ என்றால் 10, 3 மி.மீ என்றால் 15. புதிய 3 மி.மீ கம்பி அறுபடும் சுமை சுமார் 720 கிலோ. ஆக, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 36 கிலோ.

நடுத்தரக் காற்றுக்கு 15 சதவீதம், அதாவது 3 மி.மீ, 108 கிலோ. அங்கிருந்து தொடங்குங்கள். காற்றின் வேகம் 5 நாட், அதாவது மணிக்குச் சுமார் 9 கி.மீ, அளவுக்குக் கீழே போனால் 2 மி.மீ போதும். கச்சான் வீசும் நாளில் 4 மி.மீ வரை போகலாம், படகின் உடல் தாங்கினால். இவை தொடங்குவதற்கான எண்கள். உங்கள் பாயைத் தைத்தவர்கள் அந்தப் பாய்க்கென்று ஒரு அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள், அதற்கு முன் என் எண் நிற்காது.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதற்குக் காது போதும். கம்பியை முழு நீளத்தில் தட்டினால் வரும் ஒலி மிகவும் அடித்தொனி, சரியாகக் கேட்காது. அதனால் இரண்டு மரத்துண்டு வைத்து ஒரு ஜி-கிளாம்பால் கம்பியை அடியிலிருந்து 50 செ.மீ உயரத்தில் பிடியுங்கள். கீழ்ப்பகுதியைச் சுண்டினால் தெளிவாகப் பாடும். மறுபக்கமும் அதே உயரத்தில் பிடித்துச் சுண்டுங்கள். மிருதங்கத்தின் வாரைத் தட்டித் தட்டி எல்லா இடமும் ஒரே நாதம் வரச் செய்கிறார்களே, அதே காதுதான் இங்கேயும் வேண்டும். அரை சுரம் வித்தியாசம் கேட்டால் இழுப்பில் சுமார் 12 சதவீதம் வித்தியாசம். இழுப்பு நான்கு மடங்கானால்தான் ஒரு ஸ்தாயி ஏறும் என்பதிலிருந்து வரும் கணக்கு இது. வீட்டில் யாராவது வீணையோ வயலினோ வாசித்தால் அழைத்துப் போங்கள், உங்களைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள்.

கரையில் கடைசியாக ஒன்று, மரத்தின் முன்வளைவு. பெரிய பாயின் ஏற்றுக்கயிற்றை மரத்தின் பின்முகத்தை ஒட்டிக் கீழே பூம் (பெரிய பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கழி) மாட்டும் இடம் வரை விறைப்பாகப் பிடியுங்கள். ஸ்ப்ரெடர் உயரத்தில் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடைவெளி தெரியும். ஸ்ப்ரெடர் பின்னால் மடங்கியிருப்பதால், இறுக்க இறுக்க அது மரத்தின் நடுவை முன்னே தள்ளும். இந்த இடைவெளியையும் நோட்டில் எழுதுங்கள்.

இனி தண்ணீரில். கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே ஏன் இறுக்க வேண்டும், காற்று வந்தால் தானே இறுகாதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காற்று தள்ளும்போது காற்றடிக்கும் பக்கத்துக் கம்பியில் 20 கிலோ ஏறினால், மறைவுப் பக்கத்தில் 20 கிலோ இறங்கும். அதாவது இரண்டு கம்பிகளும் சேர்ந்துதான் மரத்தைப் பிடிக்கின்றன, ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும். மறைவுப் பக்கத்தில் இறங்குவதற்கு எதுவும் மிச்சம் இல்லாத நொடியில் அந்தக் கம்பி வேலையிலிருந்து விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே கம்பி. விறைப்பு பாதியாகிவிடும். அதே அளவு காற்று இன்னும் கூடினால் மரத்தின் தலை முன்பைவிட இரண்டு மடங்கு சாயும். அந்தக் கச்சான் நாளில் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

எங்கே அந்த நொடி வர வேண்டும்? தொண்டிப் பக்கத்து வத்தைகளில் குறுக்கே பலகை நீட்டி, அதன்மேல் ஆள் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்வார்கள். உங்கள் படகில் டிரப்பீஸ் கம்பியில், அதாவது பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பியில் மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே தொங்குகிறவருக்கும் அதே வேலை. படகுக்கு அதற்கு மேல் சமன் செய்யும் சக்தி கிடையாது. டிரப்பீஸில் இருப்பவர் முழுதாக நீண்டு, சுக்கான் பிடிப்பவரும் வெளியே சாய்ந்து, படகு இன்னும் தட்டையாகவே ஓடுகிறது. அந்தக் கட்டத்தில் மறைவுப் பக்கத்துக் கம்பி அப்போதுதான் தளரத் தொடங்க வேண்டும். விரலால் தள்ளினால் லேசாக அசையும், தானாக வட்டமடிக்காது. அதற்கு முன்பே வட்டமடித்தால் ஹாலியார்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். முழுக் காற்றிலும் அசையவே இல்லை என்றால் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள், மரமும் படகின் உடலும் வீணாக அமுங்குகின்றன.

இறுக்கி வைத்தால் கம்பி சீக்கிரம் அறுந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள். மறைவுப் பக்கம் தளர்ந்த பிறகு மறுபக்கத்துக் கம்பி தாங்கும் சுமை, நீங்கள் முன்னால் எவ்வளவு இறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. அதைக் காற்றும் படகைச் சமன் செய்யும் ஆட்களின் எடையும்தான் தீர்மானிக்கின்றன. கம்பியைக் கொல்வது தொய்வு. ஒவ்வொரு அலைக்கும் ஆடி, ஒவ்வொரு திருப்பத்திலும் வெடுக்கென்று விறைத்து, பித்தானின் கழுத்தில் இழை ஒவ்வொன்றாக ஒடியும். கொச்சியில் ஒரு படகில் இப்படித்தான் பாய்மரம் சாய்ந்தது. ஒரு சீசன் முழுக்கத் தொளதொளவென்று ஓட்டியிருந்தார்கள். அன்று காலை துணியால் துடைத்தபோது கழுத்தருகே ஓர் இழை துணியில் மாட்டியது. 19-இல் ஒன்றுதானே, பந்தயம் முடியட்டும் என்று விட்டேன். மற்ற 18 இழைகளும் அதே வயது, அதே அடி வாங்கியவை என்று நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் மரம் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை, அதை இன்றும் நினைத்துக்கொள்வேன். ஓர் இழை ஒடிந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

தண்ணீரில் பாய் உங்களோடு பேசும். பெரிய பாயின் பின்கீழ் மூலையிலிருந்து மரத்தின் நடுவுக்குச் சாய்வாக மடிப்புகள் ஓடினால், மரம் அந்தப் பாய்க்கு அதிகமாக வளைந்திருக்கிறது. தளமட்டத்தில் மரத்தின் முன்னால் ஆப்பு ஒன்று கூடுதலாகச் செருகுங்கள், அல்லது ஸ்ப்ரெடரின் மடக்கைக் கொஞ்சம் குறையுங்கள். கடும் காற்றில் பாய் பை மாதிரி உப்பியே இருந்தால் எதிர்மாறாகச் செய்யுங்கள். முன்பாயின் முன்விளிம்பு மறைவுப் பக்கமாகத் தொய்ந்து வளைந்தால், படகு காற்று வரும் திசைக்கு நெருக்கமாக ஏற முடியாது, இறுக்குங்கள். அதே தொய்வு காற்று குறைந்த நாளில் கொஞ்சம் வேண்டும். அன்று பாய்க்கு வயிறு இருந்தால்தான் படகு அலையை மீறி நகரும். நீங்கள் இறுக்கியே வைத்திருந்ததால் அந்த வயிறும் போய்விட்டது, உங்கள் படகு நகராததற்கு மீதிப் பாதிக் காரணம் அது.

லேசர் என்ற ஒருவர் படகை ஓட்டும் நண்பர் 'கம்பியா, அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை' என்றார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் படகைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியலில் பாய்மரத்தைப் பிடிக்கக் கம்பியே கிடையாது, மரம் குழியில் தானாக நின்று தானாக வளையும். அதே ஒலிம்பிக்கில் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய 49er (ஃபார்ட்டி-நைனர்) படகோ முழுக்க முழுக்கக் கம்பிகளின் ராஜ்ஜியம். உங்கள் படகு இந்த இரண்டாவது குடும்பம்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடி உப்பை வீடு வரை கொண்டுவராதீர்கள். ஓட்டி முடித்ததும் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கம்பி முனைகளையும் பின்களையும் டேப்பால் இறுகச் சுற்றி மூடி வைக்காதீர்கள், உள்ளே தங்கும் உப்புத் தண்ணீர் ஸ்டெயின்லெஸ்ஸையும் அரிக்கும். பின்களின் ரிங் ஒவ்வொன்றையும் தண்ணீரில் இறங்கும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: பின்பலகை வரையிலான சாய்வு அளவு, பக்கக் கம்பி நீண்ட மில்லிமீட்டர், ஸ்ப்ரெடர் உயரத்தில் வளைவு, அன்றைய காற்று, மறைவுப் பக்கத்துக் கம்பி எந்தக் கட்டத்தில் தளர்ந்தது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான்கைந்து நாள் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள் தம்பி. ஸ்ப்ரெடரில் கை வைக்க வேண்டியிருந்தால் நானே ஒரு விடியற்காலை திருநகருக்கு டேப்போடு வருகிறேன்.